காக்கைக்கு ஒரு பிடி

சோறு வடித்ததும் முதல் பிடியைக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டார் சாப்பிட உட்காருவது என்பது, நம்மில் பலர் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த பழக்கம். பாத்திரம் பண்டங்களோடும் பஞ்சாங்கத்தோடும் அதுவும் ரயிலேறித் தில்லி வந்து சேர்ந்தது. இந்தப் பழக்கத்தை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதையும், அதனால் என் வீட்டுக்கு நேர்ந்ததையும் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சில மாதங்களாகவே மனத்தில் ஓர் அரிப்பு. பலர் வீட்டுப் பால்கனியிலும் இன்று இதே கதை நடந்துகொண்டிருக்கிறது என்பதே காரணம்.

1979-இல் ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தள வீடு கிடைத்தது. பின்கட்டில் ஒரு வேப்ப மரமும் இடுப்பளவு சுவரும் இருந்தன. அம்மா அந்தச் சுவரின்மேல் ஒரு பிடி சோறு வைத்துக் "கா, கா" என்று குரல் கொடுப்பாள். காகம் வந்து கொத்தும்வரை அங்கேயே நிற்பாள். காகம் போனபின் மைனாக்கள் வரும். அதற்குப் பிறகு தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து ஒரே இரைச்சலோடு இறங்கும். இந்திக்காரர்கள் அவற்றை 'ஏழு சகோதரர்கள்' என்பார்கள். கடைசியில் சிட்டுக்குருவியும் அணிலும் மிச்சத்தைப் பொறுக்கும்.

முதன்முதலில் தில்லி அணிலைப் பார்த்த அன்று அம்மா, "ஏண்டா, இதுக்கு அஞ்சு கோடு இருக்கே!" என்று கூப்பிட்டுக் காட்டினாள். உண்மைதான். நம் ஊர் அணிலுக்கு மூன்று கோடு. வடக்கே உள்ள இனத்துக்கு ஐந்து. "ராமர் இந்த ஊர்லே இன்னும் ரெண்டு விரலைச் சேர்த்துத் தடவியிருக்கார் போல" என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டினால், அந்த அறையில் குஞ்சு பறக்கும்வரை மின்விசிறி சுழலாது. அந்த வெக்கையிலும் யாரும் முணுமுணுத்ததில்லை.

2014-இல் ஓய்வு பெற்றபின் துவாரகாவில் நான்காவது மாடிக்குக் குடிவந்தோம். அம்மா அதற்குமுன்பே காலமாகிவிட்டாள். மகன் பெங்களூரிலும் மகள் புனேயிலும் இருக்கிறார்கள். காலைப் பொழுது மிக நீளமாகத் தோன்றியது. பால்கனியில் பறவை வந்தால் துணையாக இருக்குமே என்று கடையில் அரை கிலோ கம்பு வாங்கிப் போட்டேன். புறாக்கள் வந்தன. நான்கு, பத்தாகி, ஒரு வருடத்தில் அறுபதாயிற்று. கம்பும் மாதம் ஐந்து கிலோ ஆயிற்று. காலையில் நான் கதவைத் திறக்கும்முன்பே கைப்பிடிச் சுவர் முழுவதும் வரிசையாகக் காத்திருக்கும். இத்தனை உயிர்கள் நம்மை நம்பி இருக்கின்றனவே என்று பெருமையாகக்கூட இருந்தது.

கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒருநாள் எச்சம் விழுந்த துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். "பாயி சாப், எனக்குத் துவைத்து முடியவில்லை" என்றார். பறவைக்குப் போடுவதைத் தடுப்பது பாவம் என்று அவருக்கே உபதேசம் செய்து அனுப்பினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது குளிர்காலத்தில் என் மனைவிக்கு வறட்டு இருமல் பிடித்தது. தில்லிப் புகை என்று நினைத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தோம். நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் நுரையீரல் மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "வீட்டைச் சுற்றிப் புறா உண்டா?" என்பது. காய்ந்த எச்சத்தின் தூளும் சிறகுத் தூசும் நாள்தோறும் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையால் அழற்சி அடைகிறது. கவனிக்காமல் விட்டால் தழும்பாகி இறுகிவிடும், இறுகிய பகுதி பழையபடி ஆகாது என்று விளக்கினார். தினமும் காலையில் பால்கனியைப் பெருக்கியவள் அவள். கம்பு போட்டவன் நான். அன்றே நிறுத்தினோம். எச்சத்தை நீரூற்றி நனைத்துக் கழுவி வலை கட்டினோம். இப்போது அவளுக்குத் தேவலை. ஆனாலும் வேகமாக நடக்க முடிவதில்லை.

பிறகுதான் புறாவைப்பற்றிப் படித்தேன். மாடப்புறா இயல்பில் பாறை விளிம்புகளில் கூடு கட்டும் பறவை. நம் அடுக்குமாடிகளின் ஜன்னல் விளிம்பும் குளிர்சாதனப் பெட்டியின் தாங்கியும் அதற்குப் பாறைதான். தானியமும் தடையின்றிக் கிடைத்தால் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் முட்டையிடும். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாட்டில் பெருகிவரும் பறவைகளுள் மாடப்புறாவையும் சேர்த்திருக்கிறது. 2012-இல் தில்லி அரசு தன் மாநிலப் பறவையாக அறிவித்த சிட்டுக்குருவியோ, நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஓரளவு நிலையாக இருந்தாலும் தில்லி, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருவதாக 2020-ஆம் ஆண்டின் அறிக்கை கூறியது. நான் மூட்டை மூட்டையாகக் கொட்டிய கம்பு அதற்கு உதவவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்குத் தாய்க்குருவி ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும்தான்.

மும்பை அன்பர்கள் இதை நன்கு அறிவார்கள். 2025 ஜூலையில் அங்குள்ள 51 புறாக்கூடங்களை மூடும்படி மாநில அரசு மாநகராட்சிக்குச் சொன்னது. தாதர் புறாக்கூடத்தின்மீது தார்ப்பாய் போர்த்தியபோது, புறாவுக்கு இரையிடுவதை அறமாகக் கொண்டவர்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. அவர்களுடைய கருணையை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அதே எண்ணத்தில்தான் போட்டேன். ஆனால் நாம் தேடும் புண்ணியத்துக்கு அடுத்த வீட்டாரின் நுரையீரல் விலை கொடுக்கலாமா என்று கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

"அப்படியானால் காக்கைக்கும் வைக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக வையுங்கள். அம்மா செய்ததற்கும் நான் செய்ததற்கும் உள்ள வேற்றுமையைத்தான் சொல்ல வருகிறேன். அவள் வைத்தது ஒரு பிடி. அதுவும் நாங்கள் உண்ணும் சோற்றிலிருந்து. வந்து தின்னும்வரை நின்றாள். மிச்சமிருந்தால் சுவரைக் கழுவிவிட்டாள். பறவைக்கு அது ஒரு வாய் உணவு. பிழைப்பை அது வேறெங்கோ தேடிக்கொண்டது. நானோ கொட்டிவிட்டு உள்ளே போய்ச் செய்தித்தாள் படித்தேன்.

பறவைகளுக்கு நிஜமாகவே உதவ விரும்பும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள். முதலாவது தண்ணீர். மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது தானியத்தைவிடத் தண்ணீர்தான் உயிர் காக்கும். ஆழமில்லாத அகலமான மண்சட்டியை நிழலில் வையுங்கள். நாள்தோறும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசுவுக்குத் தொட்டில் கட்டியதாகிவிடும். இரண்டாவது செடி. ஒரு தொட்டிச் செம்பருத்தி போதும், தேன்சிட்டு தேடி வரும். மருந்து தெளிக்காத செடியில் இருக்கும் பூச்சி குஞ்சுகளுக்கு விருந்து. மூன்றாவது கூடு. ஒன்றேகால் அங்குல வட்டத் துளையுள்ள மரப்பெட்டியை நிழலான சுவரில் மாட்டினால் சிட்டுக்குருவி நுழையலாம், புறா நுழைய முடியாது. நான்காவது, வாசலில் போடும் கோலத்தைக் கல்மாவில் போடாமல் அரிசிமாவில் போடுங்கள். எறும்புக்கும் குருவிக்கும் நம் பாட்டிமார் செய்துவைத்த ஏற்பாடு அது.

இவற்றைக் குழந்தைகளோடு சேர்ந்து செய்யுங்கள். தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தவிட்டுக்குருவி, தையல்சிட்டு, கொண்டைக்குருவி என்ற பெயர்களை வேறு யார் சொல்லித்தரப் போகிறார்கள்?

கீழ்வீட்டு அம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். தேநீர் கொடுத்து உட்காரச் சொன்னார். இந்த ஆண்டுக் கனுவன்று பனிமூட்டத்தில் என் மனைவி பால்கனியின் ஓரத்தில் மஞ்சள் சோறும் வெள்ளைச் சோறும் சிறு உருண்டைகளாக வைத்தாள். வலையைச் சற்று விலக்கிக்கொண்டு இருவரும் நின்றோம். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு காகம் வந்து, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டு, ஓர் உருண்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது. மற்றவற்றையும் அது வந்து எடுத்துப்போகும்வரை காத்திருந்து, இடத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தோம்.