மக்கள் திரட்டும் அறிவியலுக்குத் தனி நிதி வேண்டும்

நாட்டில் எந்தப் பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்பதை இன்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. இதில் பொதுமக்களின் பங்கு பெரிது. 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 30,000 பறவை நோக்கர்கள் தந்த 3 கோடிப் பதிவுகளை அடித்தளமாகக் கொண்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்துவிட்டன என்பது அவற்றிலிருந்தே தெரியவந்தது. சம்பளத்துக்கு ஆள் வைத்து இவ்வளவையும் திரட்ட எந்தத் துறையாலும் முடிந்திருக்காது.

ஆனால், தன்னார்வலர்கள் தருவதால் இந்தத் தரவுக்குச் செலவே இல்லை என்று நினைப்பது பெரும் தவறு. தவறான பெயரில் பதிவான பறவையைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். புதியவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். ஊர் ஊராக ஒருங்கிணைக்க முழுநேர ஆள் வேண்டும். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை, மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் பறவைகளை எண்ணினார்கள். அப்படித் திட்டமிடாத இடங்களில் பதிவுகள் நகரங்களையும் பேர்பெற்ற ஏரிகளையும் சுற்றியே குவிகின்றன. 2015 முதல் தமிழகத்தில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் ஆர்வலர்களின் விடுமுறை நாள்களை நம்பியே நடக்கிறது.

யார் எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம். பைனாகுலரும் ஓய்வு நேரமும் உள்ளவர்களுக்கே இது எளிது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவரும் ஊர்மக்களுக்கு அவற்றின் வரவும் போக்கும் அத்துப்படி. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு அவர்களால் எப்படி வர முடியும்? அவர்களை விட்டுவிட்டுச் செய்யும் ஆய்வு அரைகுறையானது.

இந்தச் செலவுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆராய்ச்சிகளுக்கு நிதி வழங்குவதற்காக 2023இல் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி என்பது திட்டம். அதில் ரூ.36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும். குளத்து நாரையை எண்ணுவதற்குத் தொழில் நிறுவனங்கள் முன்வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே அரசின் பங்கிலிருந்துதான் இதற்கு ஒதுக்க வேண்டும். மூன்றாண்டுத் திட்டங்களால் பயனில்லை. உயிரினங்களின் போக்கை அறியக் குறைந்தது பத்தாண்டுத் தொடர்ச்சி வேண்டும். ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம், எண்ண வருவோருக்கு இழப்பீட்டுக் கூலி, ஆய்வு முடிவுகளை அவரவர் மொழியில் திருப்பித் தருவதற்கான செலவு ஆகிய மூன்றும் அந்த நிதியில் இடம்பெற வேண்டும். மத்திய அரசு அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதை அறிவிக்கட்டும்.