பழைய வண்டியில் புதிய பாட்டு

பாட்டுக்கள் கைத்தொலைபேசியில் இருக்கின்றன; பாடும் பெட்டி மோட்டார் வண்டியில் இருக்கிறது. ஆயின், இவை இரண்டிற்குமிடையே பேச்சுவார்த்தை இல்லை. பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றின் நிலை இன்று இதுவே.

நம் நாட்டில் இத்தகைய வண்டிகள் ஏராளம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், இருந்த வண்டியையே செப்பனிட்டு ஓட்டியவர் பலர். அவ்வண்டிகளின் பழைய வானொலிப் பெட்டி இன்றும் நன்றாகவே பாடும். “இதைக் கழற்றிவிட்டுப் பெரிய திரையொன்றைப் பூட்டுங்கள்” என்று கடைக்காரர் ஆலோசனை கூறுவார். அவ்வாறு செய்தால் பணமும் செலவாகும். வண்டியின் வயர்களையும் வெட்ட நேரலாம். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

மாணவர்கள் முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். இலக்கமுறை இசை என்பது எண்களின் வரிசையே. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டிலே, ஒவ்வொரு செக்கனுக்கும் 44,100 தடவை ஒலி அளந்தெடுக்கப்பட்டு எண்ணாகப் பதியப்படுகின்றது. ஆனால் ஒலிபெருக்கிக்கு எண் தெரியாது. ஏறியிறங்கும் மின்னோட்டம் ஒன்றே அதற்குத் தெரிந்த மொழி. ஆதலின், எண்ணை மின்னோட்டமாக மாற்றிய பின், அம்மின்னோட்டத்தைப் பழைய பெட்டிக்குள் நுழைக்க ஒரு வாசல் தேடுவதே நம் வேலை. வாசல்கள் மூன்று உண்டு.

முதலாவது, நேர்வாசல். பெட்டியின் முகப்பிலோ, கையுறைப் பெட்டியினுள்ளேயோ 3.5 மில்லிமீற்றர் அளவுள்ள சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பின் உங்கள் பாடு சுகம். ஒரு சிறு வயரே போதும். புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் இத்துளை இல்லாமையால், எண்ணை மின்னோட்டமாக மாற்றும் சிறிய இணைப்பி ஒன்று இடையிலே வேண்டும். வயர் வேண்டாமென்போர், அத்துளையிற் செருகும் புளூடூத் வாங்கி ஒன்றைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, கசற் வாசல். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசற்றிலே, காந்தப் பூச்சுள்ள நாடா ஒரு தலையை உரசிச் செல்லும். நாடாவிலுள்ள காந்த மாற்றங்களையே அத்தலை மின்னோட்டமாக்கும். கசற் வடிவிலமைந்த இணைப்பியில் நாடா கிடையாது. அதற்குப் பதிலாகச் சிறியதொரு காந்தத் தலை பெட்டியின் தலைக்கு முகம் பார்த்து நின்று, பாட்டுக்கேற்பத் தன் காந்தப்புலத்தை மாற்றுகின்றது. பெட்டியோ, நாடாதான் ஓடுகிறதென நம்பிப் பாடுகின்றது! இதன் ஒலி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். செருகுமுன், சுத்தமான மதுசாரம் தோய்த்த பஞ்சுக் குச்சியாற் பெட்டியின் தலையை மெல்லத் துடைத்துக் காயவிடுதல் நலம்.

மூன்றாவது, வான்வழி. வண்டியின் 12 வோல்ற்றுத் துளையிற் செருகும் சிறு ஒலிபரப்பி, பாட்டை எப்.எம். அலையாக மாற்றி அனுப்ப, வானொலி அதனை வாங்கிப் பாடும். எந்தப் பெட்டிக்கும் இது பொருந்துமெனக் கூறி விற்பர். ஆயின், யப்பானிற் பாவித்த பின் இங்கு வந்த வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. அந்நாட்டின் பழைய வானொலிகள் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே கேட்கும். இக்கருவிகளோ பொதுவாக 87.5 முதல் 108 வரை பேசும். இருவரும் சந்திக்கக்கூடிய இடம் 87.5க்கும் 90க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய ஒழுங்கையே. அவ்விடத்தில் வேறு நிலையம் ஒலிக்காத ஓர் எண்ணைத் தெரிந்து, இரண்டையும் அதிலே நிறுத்துதல் வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை செல்வோர், வழியில் அந்த எண்ணை மாற்ற நேர்ந்தால் வியப்படைய வேண்டாம்.

இணைத்த பின், இயந்திரத்தின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஊளைச் சத்தம் கேட்பதுண்டு. மின்னூட்டும் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஊளை நின்றால், மின்வழங்கும் வயரும் பாட்டு வயரும் வண்டியின் உடலோடு தனித்தனியே தொடர்புகொள்வதே காரணம். பாட்டு வயரின் இடையே பூட்டும் சிறிய மின்மாற்றிக் கருவி இதனைத் தீர்க்கும்.

மொறிஸ் மைனர் போன்ற 1950களின் பிரித்தானிய வண்டி வைத்திருப்போர்க்குத் தனி எச்சரிக்கை ஒன்று. அவற்றுட் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இக்காலக் கருவிகள் எதிர்முனை இணைப்புக்கென ஆக்கப்பட்டவை. அறியாது பூட்டினாற் கருவி பழுதாவதோடு வயரும் எரியக்கூடும். அத்தகைய வண்டிக்குத் தன் பற்றரியிலே பாடும் சிறிய புளூடூத் ஒலிபெருக்கியே ஏற்றது.

கசற் பெட்டியை எறிய வேண்டாமென்பதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. வெளிநாடு சென்ற பிள்ளைகள் தங்கள் குரலைப் பதிந்து அனுப்பிய நாடாக்கள் இன்றும் சில வீட்டு அலுமாரிகளிற் கிடக்கின்றன. மறைந்த பெரியோரின் பேச்சும் சிலவற்றில் இருக்கலாம். அவற்றைக் கேட்பதற்கு வீட்டில் வேறு கருவி இல்லாதவர்க்கு வண்டியிலுள்ள பெட்டியே துணை. ஆயினும் நாடா நாளடைவிற் கெடும் பொருள். அக்குரல்களைக் காலந்தாழ்த்தாது இலக்கமுறைக்கு மாற்றி, இரண்டு இடங்களிற் பாதுகாத்து வையுங்கள்.

இறுதியாக, சாரதிமாருக்கு ஒரு வார்த்தை. வண்டி புறப்படுமுன்னரே பாட்டைத் தெரிந்து வையுங்கள்; ஓடும்போது கைத்தொலைபேசியைத் தொடும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் விடுங்கள். ஒலியையும் அடக்கமாகவே வையுங்கள். காவலற்ற புகையிரதக் கடவைகள் நம் நாட்டில் இன்றும் பல உள. அவ்விடங்களை அணுகும்போது பாட்டை நிறுத்தி, கண்ணாடியைச் சற்றே இறக்கிக் காது கொடுங்கள். பாட்டை மறுபடியும் கேட்கலாம். புகையிரதத்தின் ஊதொலியை உரிய நேரத்திற் கேட்டாக வேண்டும்.