திரைக்கு அப்பால் இருந்த சிநேகிதர்கள்

சகோதரிகளே, கொம்பியூட்டர் முன்னால் அமர்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் தனியாகத்தான் இருக்கிறானா?

நோர்வேயைச் சேர்ந்த மட்ஸ் ஸ்டீன், தசைகள் நலிந்துபோகும் டுஷேன் நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். பலர் இணையத்தில் கூடி விளையாடும் 'வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டிலேயே அவரது பொழுது கழிந்தது. நண்பர்களின்றி மகனின் காலம் போகிறதே எனப் பெற்றோர் கலங்கினர். 2014இல், 25ஆவது வயதில் அவர் மரணமானார். செய்தியை இணையத்தில் அறிவித்ததும் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. கூட விளையாடியவர்களே எழுதியிருந்தனர். தம் கவலைகளைக் கேட்டு ஆறுதல் சொன்னவர் அவர் என்றனர். சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தனர்.

பெற்றோர் கண்டது விளையாட்டை மட்டுமே. நேரக் கட்டுப்பாடும், முகமறியாதவர்களிடம் எச்சரிக்கையும் அவசியம்தான். ஆனால் அதட்டுமுன், 'யாரோடு விளையாடுகிறீங்க, மகன்?' என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.