எழுத மேட்டரே இல்லையாம்!

கம்பெனி செய்திமடல் எழுதுற சீனியர்கள் எல்லாரும் பாடுற ஒரே பாட்டு: "எழுத மேட்டரே கிடைக்கலப்பா..." சுத்தப் பொய்ங்க இது. மேட்டர் நிறைய இருக்கு. வாடிக்கையாளர் கேட்கிறதுக்குப் பதில் சொல்லத்தான் பயம். அதான் தீபாவளி வாழ்த்து, எம்.டி. குத்துவிளக்கு ஏத்துற போட்டோ, "வெற்றிக்குப் பத்து வழிகள்"னு ஒப்பேத்துறாங்க.

அமெரிக்காவுல வர்ஜீனியா பக்கம் நீச்சல் குளம் அமைச்சுத் தர்ற கம்பெனி ரிவர் பூல்ஸ். 2008 பொருளாதாரச் சரிவுல மூழ்கப் பார்த்துச்சு (நீச்சல் குளக் கம்பெனியே மூழ்குறதுன்னா!). அதோட பங்குதாரர் மார்கஸ் ஷெரிடன் 2009-ல, ஜனங்க தினமும் கேட்ட கேள்விகளையே தலைப்பாக்கி பதில் எழுத ஆரம்பிச்சார். ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும்? அதுல என்னென்ன தொல்லை வரும்? ரெண்டாவதையும் தானே எழுதினார் பாருங்க, அங்கதான் நிக்கிறார் மனுஷன். கம்பெனி பிழைச்சுக்கிச்சு.

"விலை ஆளுக்கு ஆள் மாறுமே"ம்பாங்க. மாறட்டும். எதனால ஏறுது, எதனால இறங்குதுன்னு எழுதலாமே? அவரும் அதைத்தான் எழுதினார். "போட்டிக்காரன் பார்த்துடுவான்"னு இன்னொரு சாக்கு. அவனுக்கு அது ஏற்கனவே தெரியும் சாமி! தெரியாம முழிக்கிறது, சேமிப்பைத் தூக்கிட்டு வாங்க வர்றவன்தான்.

ஜான் டியர் கம்பெனி 1895-ல ஆரம்பிச்ச 'த ஃபர்ரோ' பத்திரிகை இன்னும் வருது. விவசாயத்தை எழுதாம சொந்தக் கலப்பையோட புகழை மட்டும் பாடியிருந்தா இத்தனை வருஷம் எவன் படிச்சிருப்பான்?

ரிசப்ஷன்ல போன் எடுக்கிற அக்காகிட்ட "இந்த வாரம் என்னக்கா கேட்டாங்க?"ன்னு விசாரிச்சாலே ஆறு மாசத்துக்கு மேட்டர் தேறும். அதுக்கு ஏ.சி. ரூமை விட்டு இறங்கி வரணுமே!