சமுதாயக் கல்லூரியின் தலைமையில் சமுதாயம் எங்கே?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டி மேற்கே சென்றால் வேலப்பன்சாவடி வருகிறது. பல் மருத்துவக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, அவற்றைச் சார்ந்த மருத்துவமனைகள் என நெடுஞ்சாலையை ஒட்டிப் பெரிய கல்வி வளாகங்கள் எழுந்து நிற்கும் பகுதி இது. இத்தகைய வளாகங்களுக்குள் நாள்தோறும் மூன்று வகையினர் நுழைகிறார்கள். கட்டணம் செலுத்திப் படிக்க வருவோர் ஒரு வகை. நிர்வாகம் செய்ய வருவோர் மற்றொரு வகை. தரை துடைக்கவும், நோயாளிகளைத் தூக்கி இறக்கவும், கழிவுகளை அகற்றவும் ஒப்பந்தக் கூலிகளாக வருவோர் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையினரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி அமைப்பு எதைத் தருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘சமுதாயக் கல்லூரி’ என்பதாகும்.

அந்தப் பெயரில் சமுதாயம் இருக்கிறது, வகுப்பறையிலும் இருக்கிறது. முடிவெடுக்கும் மேசையில் அது இருக்கிறதா என்பதே நமது கேள்வி.

கடைக்கோடியில் நிற்பவருக்காக

இந்தியாவில் சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து வேர்பிடித்த நிலம் தமிழ் நிலமே. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. 1996இல் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியால் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி உருவாயிற்று. இயேசு சபையைச் சேர்ந்த கல்வியாளர் சேவியர் அல்போன்ஸ் இக்கருத்தை ஓர் இயக்கமாகவே நாடெங்கும் கொண்டுசென்றார். பள்ளியிலிருந்து இடைநின்றவர்கள், தலித்துகள், பழங்குடியினர், பெண்கள், நகர்ப்புற ஏழைகள் ஆகியோரே இக்கல்லூரிகளின் மாணவர்கள் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. வயது வரம்பு தளர்த்தப்பட்டது. மதிப்பெண் தடை நீக்கப்பட்டது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், களப்பயிற்சி ஆகியவை ஓராண்டுப் பாடத்திட்டத்தில் இணைக்கப்பட்டன.

2002இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் இக்கல்லூரிகள் பலவற்றுக்கு அங்கீகாரம் அளித்துப் பட்டயங்களை வழங்கியது. 2013இல் ஒன்றிய அரசும் பல்கலைக்கழக மானியக் குழுவும் இதைத் தேசியத் திட்டமாக ஏற்றுக்கொண்டன. கல்வி மறுக்கப்பட்டோருக்குக் கதவைத் திறந்துவிட்ட இந்த முயற்சியின் மதிப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் கதவைத் திறப்பது ஒன்று. வீட்டின் சாவியைப் பகிர்வது வேறொன்று.

பாடத்தைத் தீர்மானிப்பவர் யார்?

ஒரு சமுதாயக் கல்லூரியின் தலைமைக் குழு என்பது பொதுவாகத் தாளாளர் அல்லது செயலர், இயக்குநர் அல்லது முதல்வர், ஒருங்கிணைப்பாளர், ஆலோசனைக் குழு ஆகியோரைக் கொண்டது. தாளாளர் அறக்கட்டளையின் ஆள். அவரே முதல்வரைத் தேர்ந்தெடுக்கிறார். 2013ஆம் ஆண்டுத் திட்டத்தின் வழிகாட்டுதல்கள் ஆலோசனைக் குழுவில் பல்கலைக்கழகத்துக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் இடமளிக்கின்றன. வேலை கொடுப்பவர் மேசையில் அமர்கிறார். அந்த வேலையைச் செய்யப்போகிறவரின் குடும்பமோ, குடியிருப்போ, முன்னாள் மாணவர் அமைப்போ அங்கே அமர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

இதன் விளைவு பாடத்திட்டத்தில் தெரிகிறது. மருத்துவமனைகள் சூழ்ந்த ஒரு பகுதியில் ஓராண்டு நர்சிங் உதவியாளர் பட்டயம் தொடங்குவது எளிது, தேவையும் உண்டு. ஆனால் அந்தப் பட்டயத்தை வைத்துச் செவிலியர் மன்றத்தில் பதிவுபெற்ற செவிலியராக ஆக முடியாது. அதற்கு ஈராண்டுத் துணைச் செவிலியர் படிப்போ, மூன்றாண்டுச் செவிலியர் பட்டயமோ, இளநிலைப் பட்டமோ வேண்டும். உதவியாளராகச் சேர்ந்த பெண் பதினைந்து ஆண்டு பணிபுரிந்த பின்னும் உதவியாளராகவே ஓய்வுபெறுகிறார். அவருடைய தாய் அதே மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்திருந்தால், ஒரு தலைமுறையில் மாறியது சீருடையின் நிறம் மட்டுமே.

மானியக் குழுவின் திட்டம் எழுத்தில் வேறுவிதமாக இருக்கிறது. ஆறு மாதச் சான்றிதழ், ஓராண்டுப் பட்டயம், ஈராண்டு உயர்பட்டயம், மூன்றாண்டுத் தொழிற்கல்வி இளநிலைப் பட்டம் என ஏணி ஒன்றை அது வரைந்திருக்கிறது. பாடவேளையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பொதுக்கல்விக்கு உரியது என்றும் கூறுகிறது. ஆனால் ஏணியின் இரண்டாம் படியைத் தமது கல்லூரியில் வைப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர்கள் தலைமைக் குழுவினரே. வேலை கொடுப்பவரின் பார்வையில் ஓராண்டே போதும். படிப்பவரின் பார்வையில் அது போதாது. இரண்டாவது பார்வைக்கு அந்த மேசையில் வாக்கு இல்லை. தொழிற்பிரிவினை மட்டுமன்று, தொழிலாளர்களையே படிநிலைப்படுத்திப் பிரித்துவைப்பது சாதி என்று அண்ணல் அம்பேத்கர் எச்சரித்ததை இங்கே நினைவுகூர வேண்டியிருக்கிறது.

சட்டம் எந்த வாசலில் நின்றுவிடுகிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் உண்டு. இது மாணவர் சேர்க்கையில் தந்துள்ள பலன் பெரிது. ஆனால் மேலே செல்லச் செல்ல எண்ணிக்கை மெலிகிறது. 2020–21ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் பட்டியல் சாதியினர் 14.2 விழுக்காடு, ஆசிரியர்களில் 9.1 விழுக்காடு மட்டுமே.

தலைமைப் பதவிகளுக்கு வரும்போது சட்டமே விலகி நிற்கிறது. அரசமைப்பின் 16(4)ஆம் கூறு அரசுப் பணிகளை மட்டுமே பேசுகிறது. சுயநிதிக் கல்லூரியின் நியமனங்களை அது தொடவில்லை. 2005ஆம் ஆண்டின் 93ஆம் திருத்தத்தால் வந்த 15(5)ஆம் கூறு தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்குகிறது. ஆனால் அது மாணவர் சேர்க்கைக்கு உரியது. ஒற்றைப் பதவியை இட ஒதுக்கீட்டுக்கு உட்படுத்த இயலாது என்று 1998இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சண்டிகர் மருத்துவ ஆய்வு நிறுவன வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு கல்லூரிக்கு ஒரே முதல்வர். எனவே அரசின் பொறுப்பில் தனித்து இயங்கும் நிறுவனத்திலும்கூட அந்த நாற்காலி விதிவிலக்காகிவிடுகிறது.

தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடங்களைச் சட்டத்தின் வழியாக உறுதிசெய்ய வேண்டும் என்று திக்விஜய சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. வரவேற்க வேண்டிய பரிந்துரை. ஆயினும் அதுவும் மாணவர் வாசலோடு நின்றுவிடுகிறது. நிர்வாக அறையின் வாசல் இன்னும் பேசப்படவில்லை.

திருச்சபை நடத்தும் சமுதாயக் கல்லூரிகள் சிறுபான்மை உரிமையின் கீழ் இயங்குகின்றன. 30ஆம் கூறு தரும் அந்த உரிமையை நாம் மதிக்கிறோம். பெரும்பான்மைவாதம் தலைதூக்கும் காலத்தில் அது காக்கப்பட வேண்டியது. ஆனால் சிறுபான்மைக்குள்ளும் சாதி இருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபையின் தலைமையில் தலித்துகளின் பங்கு மிகக் குறைவு என்பதைத் தானே ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் கல்லூரித் தாளாளர் அறை வரை நடந்து வர வேண்டும்.

ஒரு தலித் முதல்வர் போதுமா?

போதாது என்பதே நமது விடை. இதற்கு அம்பேத்கரின் நிறுவனங்களே சான்று. 1945இல் அவர் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் அவுரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் கல்லூரி எனப் பெயர்பெற்ற கல்லூரியும் அதன்கீழ்த் தொடங்கப்பட்டன. இரண்டிலும் முதல்வர் பொறுப்புக்குத் தலித் அல்லாத அறிஞர்களையும் அவர் தயங்காமல் அழைத்தார். மிலிந்த் கல்லூரியின் எம்.பி. சிட்னிஸ் அவர்களுள் ஒருவர். ஆனால் நிலம், நிதி, கொள்கை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் கழகம் ஒடுக்கப்பட்டோரின் கையில் இருந்தது. நாற்காலியில் யார் அமர்கிறார் என்பதைவிட, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அம்பேத்கர் நமக்கு விட்டுச்சென்ற அளவுகோல்.

இன்று பல நிறுவனங்களில் நடப்பது இதன் தலைகீழ். ஆண்டுவிழா மேடைக்கும் அங்கீகாரக் குழுவின் வருகைக்கும் ஒரு தலித் துறைத்தலைவர் முன்னிறுத்தப்படுகிறார். நிதிக்குழுவுக்கோ நியமனக்குழுவுக்கோ அவர் அழைக்கப்படுவதில்லை. அதிகாரமற்ற பதவியை அளிப்பதும் ஒருவகைப் புறக்கணிப்பே.

தலைமைக் குழுவின் முடிவு ஓர் உயிரின் விலையாகவும் ஆகக்கூடும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றிய முடிவு, தெருச் சண்டையில் பிறந்தது அன்று. நிர்வாகக் குழுவின் அறையில் எடுக்கப்பட்டது. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலாவை நாம் இழந்தோம். மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாடு தடுப்பு அலுவலர் வேண்டும் என்கின்றன. அந்த அலுவலரை நியமிப்பதும் அதே நிர்வாகம்தான். புகாருக்கு உள்ளாகக்கூடியவரே விசாரிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை நீதி என்று எப்படி அழைப்பது?

நாம் கேட்பவை

சமுதாயக் கல்லூரி என்னும் சொல்லை உலகுக்குத் தந்த அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சமுதாயக் கல்லூரி மாவட்டங்களுக்கான அறங்காவலர்களை அப்பகுதி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மாணவர் பிரதிநிதியும் அவையில் அமர்கிறார். அங்கே எல்லாம் சீராக நடக்கிறது என்று நாம் கூறவில்லை. சமுதாயத்தின் பெயரால் நடக்கும் கல்லூரி, அந்தச் சமுதாயத்துக்குப் பதில் சொல்லும்படி அமைக்கப்படலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

எனவே நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, பொதுநிதியோ பல்கலைக்கழக அங்கீகாரமோ பெறும் ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியும் தனது நிர்வாகக் குழு, ஆலோசனைக் குழு, ஆசிரியர்கள் ஆகியோரின் சமூகப் பிரிவுவாரி எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இரண்டாவது, ஆலோசனைக் குழுவில் தொழில் நிறுவனங்களுக்கு உள்ள இடங்களுக்கு நிகராக முன்னாள் மாணவர்களுக்கும் சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் பிரதிநிதிகளுக்கும் வாக்குரிமையுடன் இடம் வேண்டும். அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். மூன்றாவது, அடுத்த படிக்கு வழியில்லாத எந்தப் பட்டயத்துக்கும் புதிய அங்கீகாரம் தரக்கூடாது. நான்காவது, பாகுபாடு குறித்த புகார்களை விசாரிக்கும் அலுவலரைக் கல்லூரிக்கு வெளியிலிருந்து நியமிக்க வேண்டும்.

இவற்றுள் முதலாவது கோரிக்கைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் உங்கள் தாளாளரிடம் எழுத்து மூலம் கேட்கலாம். அரசு நிறுவனமாகவோ அரசு நிதியால் நடப்பதாகவோ இருப்பின், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். வேலப்பன்சாவடியிலிருந்து ஆவடி வரை உள்ள கல்லூரிகளில் இந்த ஒரு கேள்வி எழுந்தாலே, மூடிய அறைகளில் காற்று நுழையத் தொடங்கும்.

நம்மைச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லும் காலம் முடிந்துவிட்டது. நமக்காக எடுக்கப்படும் முடிவுகளை நாமும் அமர்ந்து எடுக்கும் காலத்தை இனி உருவாக்க வேண்டும்.