காலிகள் என்றார்களே!

அரசியல் ஏட்டில் கால்பந்தைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கும் தோழர்கள் இருக்கக்கூடும். பந்தைப் பற்றியல்ல, பந்தாட்டம் பார்க்க நின்றவர்களைப் பற்றியே நாம் எழுதுகிறோம். ஆலையிலும் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் உழைத்து ஓய்ந்த இங்கிலாந்துத் தொழிலாளி, சனிக்கிழமை பிற்பகலில் தோளோடு தோள் உரச நின்றானே, அந்தச் சிமென்டுப் படிகளைப் பற்றி! டெரஸ் என்பார்கள் அவற்றை. சீமானுக்கு நாற்காலி, உழைப்பாளிக்கு நிற்க ஒரு படி.

அந்தப் பிற்பகலும் சும்மா கிடைத்ததல்ல. நெசவாலைகளில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சனிக்கிழமை 2 மணியோடு வேலை முடியவேண்டும் என்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவர்கள் போய்விட்டால் ஆலை எப்படி ஓடும்? ஆண்களுக்கும் விடுதலை கிடைத்தது. 3 மணி ஆட்டம் வழக்கமாயிற்று.

லிவர்பூல் நகரத்து ஆன்ஃபீல்ட் திடலில் 1906ஆம் ஆண்டு எழுந்த மேட்டுக்கு ‘ஸ்பியான் கோப்’ என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் 1900ஆம் ஆண்டு ஆங்கிலப் படை அடிவாங்கிய குன்றின் பெயர் அது. மாண்ட சிப்பாய்களிலே லங்காஷயர் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர். அங்கே காயம்பட்டோரைத் தூக்கிச் சுமந்த இந்தியத் தொண்டர் படையில் காந்தியாரும் இருந்தார். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏராளமாக இருந்தார்கள். போரை மூட்டியவர் யாரோ, பிணமானவர் யாரோ! பெயர் மட்டும் பந்தாட்ட மேட்டிலே நிலைத்தது.

அந்த மேட்டிலே சுமார் 28,000 பேர் நிற்பார்கள். சிறுவர்களை அடைக்க மூலையில் தனிக் கூண்டு ஒன்று உண்டு. கோல் விழும் நேரத்தில் கூட்டம் அலையாய்ச் சரியும். ஓரிடத்தில் நின்றவன் பத்துப் படி கீழே போய்த்தான் மூச்சுவிடுவான். 1960களில் அந்த நகரத்துப் பையன்கள் கிட்டார் ஏந்தி உலகையே ஆட்டிப் படைத்தபோது, அவர்கள் பாட்டை 28,000 தொண்டைகள் ஒருசேரப் பாடின. சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார்? ஒருவருமில்லை. அன்றைய பயிற்சியாளர் பில் ஷாங்லியும் சுரங்கத்தில் வேலை செய்தவர்தான். அவர்கள் மொழி அவருக்குப் புரிந்தது, அவர் மொழி அவர்களுக்குப் புரிந்தது.

அந்தப் படிகளிலே எத்தனை எத்தனை மனிதர்கள்! எவர்ட்டன் திடலில் ஆட்டம் தொடங்கும் முன்னே மிட்டாய்களைக் கூட்டத்தை நோக்கி வீசிச் செல்லும் ‘டாஃபி’ மங்கை. மான்செஸ்டர் சிட்டி ஆட்டங்களில் கைமணி அடித்து உற்சாகமூட்டிய ஹெலன் அம்மையார். கோல்காவலர் ஜோ காரிகனுக்கு அதிர்ஷ்டத்துக்கென்று பூங்கொத்து ஒன்று தருவாராம். அதிர்ஷ்டத்திலே நமக்கு நம்பிக்கை இல்லை. அம்மையாரின் அன்பிலே உண்டு.

இளைஞர்களின் கோலமோ பத்தாண்டுக்கு ஒன்று. 1950களில் ‘டெடி பாய்’: எட்வர்ட் மன்னர் காலத்துப் பிரபுக்களின் நீளக் கோட்டைக் கூலிக்காரப் பையன் மாட்டிக்கொண்டான். பிரபு போட்டால் நாகரிகம், பையன் போட்டால் போக்கிரித்தனம்! பிறகு ஸ்கூட்டரில் வந்த ‘மாட்’, தோல் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்த ‘ராக்கர்’. 1964ஆம் ஆண்டு விடுமுறை நாட்களில் கிளாக்டன், பிரைட்டன் கடற்கரைகளில் இருவரும் மோதிக்கொண்டதும், நாடே தீப்பற்றியதுபோல் ஏடுகள் அலறின. நடந்தது கொஞ்சம், ஊதியது அதிகம் என்பதை ஸ்டான்லி கோஹன் எனும் சமூகவியல் அறிஞர் 1972இல் நூலெழுதிக் காட்டினார். மொட்டைத் தலை, கனத்த பூட்ஸ், தோள்வார் என்று 1969 வாக்கில் வந்தான் ‘ஸ்கின்ஹெட்’. ஆடியதோ ஜமைக்காவின் கறுப்பர் இசைக்கு!

பூசி மெழுக நாம் வரவில்லை. நாட்டிங் ஹில்லில் 1958ஆம் ஆண்டு கறுப்பரைத் தாக்கிய கும்பலில் டெடி பாய்களும் இருந்தார்கள். மொட்டைத் தலைக் கூட்டத்தில் ஒரு பகுதியை நிறவெறிக் கட்சி விலைபேசிக்கொண்டது. ஜான் பார்ன்ஸ் எனும் கறுப்பு வீரரை நோக்கி வாழைப்பழம் எறிந்தார்கள். அதை அவர் காலால் தள்ளிவிடும் 1988ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. அதே காலத்தில் மான்செஸ்டரில், காற்றடைத்த வாழைப்பழப் பொம்மையை ஆட்டி ஆட்டிச் சிரித்தது வேறொரு கூட்டம். இரண்டு கூட்டமும் உழைப்பாளிகள் கூட்டமே. வெட்கமும் உண்டு, வேடிக்கையும் உண்டு.

ஆனால் மேட்டுக்குடி இரண்டையும் பிரித்துப் பார்த்ததா? அத்தனை பேரும் காலிகள் என்றது! காலிகளுக்குக் கூண்டு தேவை என்று 1970களில் இரும்புவேலி எழுந்தது. 1985ஆம் ஆண்டு பிராட்ஃபோர்டில் மரக் கொட்டகை தீப்பற்றி 56 பேர் மாண்டார்கள். அந்தத் திடலின் முன்பக்கம் வேலி இருந்திருந்தால்? பதிலைப் பிறகு ஷெஃபீல்ட் நகரம் சொல்லிற்று.

1989 ஏப்ரல் 15. ஹில்ஸ்பரோ திடல். காவல்துறை வெளிவாயிலைத் திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பியிருந்த கூண்டுகளுக்குச் செல்லும் வழியை மூடவில்லை. உள்ளே வந்த கூட்டத்தின் நெருக்கலில், வேலியோடு நசுங்கி மாண்டோர் 97 பேர். கடைசியாக ஒருவர், காயத்தோடு வாழ்ந்து 2021இல் இறந்தார். நான்காம் நாள் ‘சன்’ ஏடு ‘உண்மை’ என்று தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களின் சட்டைப்பையில் திருடினார்கள் என்று அச்சிட்டது. பொய்! அதை நம்பியவர்கள் ஏன் நம்பினார்கள்? கால் நூற்றாண்டாகக் ‘காலி’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் அவை. காவலர் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டவை என்பது 2012இல்தான் அம்பலமாயிற்று. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்ற தீர்ப்பு வர 2016 ஆயிற்று. 27 ஆண்டுகள்! அன்றைய காவல் தளபதியோ 2019இல் விடுதலையானார்.

நின்று பார்ப்பது ஆபத்து என்று, உயர்நிலைத் திடல்களில் படிகளை அகற்றி நாற்காலி போட்டார்கள். உயிர் காத்த ஏற்பாடு. அதை நாம் குறைகூறவில்லை. நாற்காலியோடு சேர்ந்து கட்டணமும் ஏறிற்றே, அதைத்தான் கேட்கிறோம். கட்டணம் நியாயமாக இருக்கவேண்டும் என்று அதே அறிக்கையில் நீதிபதி டெய்லர் எழுதினார். முதலாளிகள் நாற்காலிப் பக்கத்தை மட்டும் படித்தார்கள் போலும்! 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கழக உரிமையாளர்கள் ஓர் இருக்கைக்கு 77 பவுன் வரை விலை வைக்க முனைந்தபோது, 77ஆம் நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். கல்லெறியவில்லை, கலகம் செய்யவில்லை. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள்.