எதிர்ச்சேரி இன்றிக் கொம்பு முறியுமா?

மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர் உன்னிச்சைக் குளத்தை அடைவர். படுவான்கரை வயல்களுக்கு நீரூட்டுவது அக்குளம்; நகரத்தார் இன்று குழாயிற் பெறும் குடிநீரும் அக்குளத்து நீரே. நீர் உன்னிச்சையிலிருந்து நகருக்குப் போகிறது; கல்வியும் கலையும் நகரிலிருந்து உன்னிச்சைக்கு வரவேண்டியனவாக உள்ளன. அவை எவ்வழியாக வரும் என்பதே இன்றைய வினா. கணிதமும் ஆங்கிலமும் கைப்பேசித் திரையில் வந்து விட்டன. சிலம்பமும் கராத்தேயும் அவ்வாறே வருமா? திரையை நோக்கியே ஒரு பிள்ளை தற்காப்புக் கலையில் தேர்ச்சி பெற இயலுமா?

இவ்வினாவைக் கேட்டதும் நகைப்போர் உளர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியைச் சொல்லி அவர்கள் வாதத்தை முடித்து விடுவர். மற்றொரு சாராரோ, உலகத்து ஆசான்கள் அனைவரும் கைப்பேசிக்குள் வந்துவிட்ட பின்னர் ஊர் ஆசான் எதற்கு என்பர். இரு சாராரும் உண்மையிற் பாதியைப் பிடித்துக்கொண்டு முழுமையைப் பிடித்ததாக எண்ணுகின்றனர். வினா அத்துணை எளிதன்று.

முதலில் உன்னிச்சைப் பிள்ளையின் நிலையை நோக்குவோம். பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் நகரத்தில், பாடசாலை விட்ட பின்னர் மாலை வேளையில் நடைபெறுகின்றன. வகுப்பு முடிந்து ஊர் திரும்புவதற்குள் இருள் சூழ்ந்துவிடும். காட்டு யானை நடமாடும் வழிகளில் இருளிற் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் எவரும் துணியார். பெண்பிள்ளையாயின் அச்சம் இரட்டிப்பு. போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து, வயலைத் திருத்திக் குடியிருக்கும் மக்கள் பேருந்துக்கும் வகுப்புக்கும் மாதந்தோறும் செலவிடுதல் அரிது. இவர்களிடம் போய், ஆசானின் காலடியில் இருந்தே கற்க வேண்டும் என்று உபதேசிப்பது, பசித்தவனிடம் விரதத்தின் பெருமையை விளக்குவது போலாம்.

2020 மார்ச்சு மாதத்தில் நம் நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைவழிக் கல்வி ஊரெங்கும் பேச்சாயிற்று. ஆயின் தொலைவிலிருந்து போர்க்கலை கற்பிக்கும் முயற்சி அதற்கும் மிக முந்தியது. 1910களிலேயே அமெரிக்க மல்லர் பார்மர் பர்ன்ஸ் மற்போர்ப் பாடங்களை அச்சிட்டுத் தபாலில் அனுப்பிவந்தார். நம் மரபிலோ இதனினும் பழையதொரு கதை உண்டு. அதுவே ஏகலைவன் கதை.

துரோணர் ஏற்க மறுத்த வேடர் மகன் ஏகலைவன், காட்டில் அவருடைய மண்ணுருவத்தை அமைத்து, அதனையே குருவாகக் கொண்டு வில்வித்தை பயின்றான். குரைத்த நாயின் வாயை அம்புகளால் அடைத்துப் பாண்டவரையே வியப்பில் ஆழ்த்தினான். தொலைவழிக் கல்விக்கு வாதாடுவோர் இக்கதையை மேற்கோள் காட்டுவது வழக்கம். ஆனால் அவன் பயின்றது எந்தக் கலை என்பதைச் சிந்திப்பவர் சிலரே. வில்வித்தைக்கு இலக்கே ஆசான். அம்பு தைத்தால் தைத்தது, தவறினால் தவறியது. இலக்கு முகத்தாட்சணியம் பாராது, பொய்யும் சொல்லாது. மேலும், அவன் வேடர் குலத்தில் வில்லோடு வளர்ந்தவன். அவனுக்கு மண்ணுருவம் தந்தது ஊக்கத்தையும் ஒழுங்கையுமே. திருத்தத்தைத் தந்தது இலக்கு. ஏகலைவன் மற்போரை அவ்வாறு பயின்றிருப்பானாயின், மண்ணுருவம் ஒருநாளேனும் அவனைத் திருப்பிப் பிடித்திருக்குமா?

இங்கேதான் நம் வினாவின் முடிச்சு அவிழ்கிறது. போர்க்கலைகள் யாவும் இரு பாகங்களால் ஆனவை. ஒன்று, தன் உடலோடு தான் செய்யும் பயிற்சி. மற்றொன்று, பிறனுடலோடு பொருதிச் செய்யும் பயிற்சி. 1882இல் தோக்கியோவில் கோடோகன் என்னும் யூடோப் பள்ளியை நிறுவிய கானோ ஜிகோரோ, வரையறுத்த அசைவுகளைக் ‘கத்தா’ என்றும், இருவர் தத்தம் விருப்பப்படி பிடித்துப் பொருதும் பயிற்சியை ‘ரண்டோரி’ என்றும் வகுத்து, இரண்டையும் தம் முறையின் அங்கங்களாக்கினார். கேரளத்துக் களரிப்பயிற்றும் மெய்த்தாரியில் தொடங்குகிறது. உடலை வளைத்து வயமாக்கிய பின்னரே கோலும், அதன் பின்னர் இரும்பாயுதமும் மாணவன் கைக்கு வரும். எந்த நாட்டு மரபிலும் முதற்பாகம் வாயில். இரண்டாம் பாகமே வீடு.

முதற்பாகத்தைத் திரை கற்பிக்க வல்லது என்பதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. களரியிலே குருக்கள் வாய்த்தாரி சொல்ல, அச்சொல்லுக்கு இசைய மாணவர் மெய்யசைப்பர். சொல்லுக்கு உடல் பணிவதாயின், அச்சொல் பத்தடித் தொலைவிலிருந்து வந்தால் என்ன, பல காதத் தொலைவிலிருந்து வந்தால் என்ன? சிலம்பத்தின் காலடிகளையும் கம்பு சுற்றும் முறைகளையும் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம், நிறுத்திப் பார்க்கலாம், நூறு முறை திருப்பிப் பார்க்கலாம். எந்த ஆசானும் நூறு முறை சலியாது செய்து காட்டுதல் அரிது. ஏழு வயதிற் களரி புகுந்து, முதுமையிலும் கற்பித்து, 2017இல் பத்மஸ்ரீ விருது பெற்ற வடகரை மீனாட்சியம்மாவின் வாள்வீச்சை உன்னிச்சைச் சிறுமி தன் வீட்டுத் திண்ணையிலிருந்து காண்கிறாள் என்றால், அஃது அற்பமான பேறன்று. இது பெண்ணுக்குரிய கலையன்று என்று ஊர் சொன்ன சொல்லை அக்காட்சி ஒரு நொடியில் அழித்து விடும்.

எனினும் முதற்பாகத்திலேயே திரைக்குக் குறைகள் உண்டு. எதிர்முகமாக நிற்கும் ஆசானின் வலக்கையை மாணவன் தன் இடக்கையாற் பின்பற்றிவிடுவான். திரைக்கு ஒரே கண். அது காட்டும் பக்கமன்றி மறுபக்கம் தெரியாது. உடற்பாரம் குதிகாலில் நிற்கிறதா, முன்பாதத்தில் நிற்கிறதா என்பதைப் படம் காட்டாது. அருகில் நிற்கும் ஆசான் தோளில் ஒரு விரல் வைத்துத் தள்ளி அதனை அறிந்து விடுவார். யூடோவில் முதலிற் கற்பிப்பது விழும் முறை. சீமெந்துத் தரையில் தனியே விழுந்து பழகும் பிள்ளை கற்பது யாதெனின், வலி ஒன்றே.

இரண்டாம் பாகத்திற்கு வருவோம். மட்டக்களப்பார்க்கு இதனை விளக்க வெளிநாட்டு உவமை வேண்டியதில்லை. கண்ணகை வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டை அறியாதார் நம்மிடையே இலர். வடசேரியாரும் தென்சேரியாரும் வளைந்த கொம்புகள் இரண்டைக் கொளுவி இருபுறமும் நின்று இழுப்பர். ஒரு கொம்பு முறியும் வரை இழுப்பர். எத்துணை வலிய கொம்பாயினும், எதிர்ச்சேரி இன்றேல் அது வெறும் மரக்கட்டையே. அதன் வலிமை எதிர் இழுப்பில்தான் வெளிப்படுகிறது. போர்க்கலையின் வலிமையும் அத்தகையதே.

எதிரில் ஒருவன் நிற்கும்போது மாணவன் கற்பவை நான்கு. முதலாவது எட்டு: கம்பு எங்கே எட்டும், எங்கே எட்டாது என்னும் அளவு. இரண்டாவது காலம்: அடி கிளம்பும் கணத்தை அறிந்து அதற்குள் விலகும் நுட்பம். மூன்றாவது பாரம்: பிடித்த கை எத்துணை வலிதாய்ப் பிடித்திருக்கிறது, எப்பக்கம் தளர்ந்திருக்கிறது என்னும் உணர்வு. நான்காவதும் தலையாயதும் அச்சம். தன் தலையை நோக்கிக் கம்பு வரும்போது கண் இமையாதிருக்க வேண்டுமாயின், கம்பு மெய்யாகவே வரவேண்டும். திரையிலிருந்து வரும் கம்பு எவரையும் அடித்ததில்லை. ஆதலின் அது எவருடைய அச்சத்தையும் போக்கியதுமில்லை. இந்நான்கையும் அறியாது அசைவுகளை மட்டும் அழகாகக் கற்றவன், கல்லாதவனினும் அதிக ஆபத்துக்கு உள்ளாவான். கல்லாதவனுக்கு ஓடத் தெரியும். அரைகுறையாகக் கற்றவனோ நின்று பொருதத் துணிவான்.

இன்னொன்றும் உண்டு. அடிக்கக் கற்பதினும் அடியை அடக்கக் கற்பது கடினம். பயிற்சியிலே எதிரில் நிற்கும் தோழனின் விலாவுக்கு ஒரு விரற்கடைக்கு அப்பால் கம்பை நிறுத்தும் கட்டுப்பாடு, அத்தோழனின் உயிர்ப்பை உணர்ந்தே வருவது. தென்தமிழ்நாட்டு வர்ம ஆசான்கள் வர்மங்களை எல்லார்க்கும் கற்பிப்பதில்லை. பல்லாண்டு உடனிருந்து மாணவனின் குணத்தை ஆராய்ந்த பின்னரே, தாக்கும் முறையையும் அத்தாக்கை இளக்கும் முறையையும் சேர்த்துக் கற்பிப்பர். கைப்பேசியோ கேட்டவன் எவன் என்று கேளாது.

ஆசானின் அருகிருந்து கற்றவரெல்லாம் சான்றோரானார்களோ என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. திருவிளையாடற் புராணத்து அங்கம் வெட்டின படலத்தில் வரும் சித்தன், முதிய வாளாசிரியரிடம் நேரிற் கற்றவன்தான். அவருக்குப் போட்டியாகப் பள்ளி வைத்து, அவர் மனைவியையும் விரும்பினான். நேரிற் கற்பதனால் ஒழுக்கம் தானே வந்துவிடாது என்பதற்கு அவனே சான்று. ஆசானிடத்தும் தீமை இருக்கலாம். மூடிய கதவுக்குள் மாணவரைத் துன்புறுத்தும் பயிற்சியாளரை இக்காலமும் அறியும். ஆதலின் அருகிருத்தல் ஒழுக்கத்துக்கு உத்தரவாதம் என்பது நம் வாதமன்று. அருகிருப்பவனைக் கண்காணிக்கவும் திருத்தவும் விலக்கவும் வாய்ப்புண்டு. தொலைவில் இருப்பவனிடத்து அவ்வாய்ப்பு இல்லை என்பதே நாம் கூறுவது.

உலக அனுபவமும் இதனையே காட்டுகிறது. 2020இல் நோய்ப்பரவலின்போது உலக டைக்குவொண்டோ அமைப்பு இணையவழியிற் போட்டி நடத்தியது. எதனை நடத்தியது? ‘பூம்சே’ என்னும் அசைவுக்கோவையை. இருவர் ஒருவரையொருவர் உதைத்துப் பொருதும் போட்டியைத் திரைக்குள் அடைத்தல் எங்ஙனம்? பிரேசிலிய ஜூஜிட்சுவுக்குப் பெயர்பெற்ற கிரேசி குடும்பத்தார் 2009ஆம் ஆண்டளவில் இணையவழிப் பள்ளி தொடங்கி, மாணவர் அனுப்பும் காணொளியைப் பார்த்தே நீலப்பட்டை வழங்கினர். அக்கலையினரிடையே பெருங்கண்டனம் எழுந்தது. பின்னர் அவர்களே, தொலைவிற் பெறும் தகுதி அசைவு நுட்பத்தை மட்டும் குறிப்பது என்றும், முழுப்பட்டைக்கு நேரில் வந்து சோதனைக்கு நிற்க வேண்டும் என்றும் வேறுபடுத்தினர். வணிகமும் கடைசியில் உடலுக்குத் தலைவணங்க வேண்டியதாயிற்று.

நம் ஊர்க் கூத்தும் இதற்குச் சான்று பகரும். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, ஏட்டுப் பிரதிகளோடு நிறைவடைந்தாரல்லர். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையை நாடினார். பாட்டு ஏட்டில் இருந்தது. ஆட்டம் அண்ணாவியாரின் மத்தளத்திலும் காலிலும் இருந்தது. பல்கலைக்கழகமே அண்ணாவியாரைத் தேடிற்று என்றால், உன்னிச்சைப் பிள்ளைக்கு மட்டும் திரை போதும் என்று நாம் சொல்வது என்ன நீதி?

நாம் அஞ்சுவதும் இதுவே. திரை போதும் என்னும் சொல்லைப் பிள்ளைகள் சொன்னாற் கேடில்லை; அதிகாரம் உடையோர் சொல்லத் தொடங்கினால்தான் கேடு. நகரப் பாடசாலைக்குப் பயிற்சியாளர், படுவான்கரைப் பாடசாலைக்குக் காணொளி என்று பங்கீடு நடந்துவிடும். பின்னர் இரு பிள்ளைகளும் ஒரே போட்டிக் களத்தில் நிற்பர். ஒருவன் எதிரியைத் தொட்டுப் பழகியவன், மற்றவன் கண்ணாடியைத் தொட்டுப் பழகியவன். தோற்ற பிள்ளையைத் திறமையற்றவன் என்றும் சொல்லி விடுவோம். கிழக்கிலங்கையில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வழங்கிவந்த சிலம்படி, சீனடி போன்ற கலைகளுக்கோ இன்னும் பெரிய இழப்பு. அவற்றை அறிந்த முதியோரைப் படம்பிடித்து வைத்துவிட்டு, கலையைக் காத்துவிட்டோம் என்று ஆறுதல் கொள்வோம். படத்தில் இருப்பது கலையின் நினைவு. மாணவன் உடம்பில் இருப்பதே கலை.

வழி என்ன? 1980இல் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வழிகாட்டியிருக்கிறது. தொலைக்கல்விக்கென்றே எழுந்த அந்நிறுவனமும், விஞ்ஞானம் பயில்வோரை ஆய்வுகூடப் பயிற்சிக்கு நேரில் அழைக்கிறது. ஏடு வீட்டிற்கு வரும். சோதனைக் குழாயைத் தொட மாணவன் போகவேண்டும். போர்க்கலைக்கும் இதுவே நெறி. வாரநாட்களிற் பிள்ளைகள் திரையின் துணையோடு காலடியும் வரிசையும் பழகட்டும். மாதத்தில் இரு நாளாவது ஆசான் ஊருக்கு வந்து, பகல் வெளிச்சத்திற் பாடசாலை முற்றத்தில், இருவரிருவராக நிறுத்திப் பழக்கட்டும். பெற்றோர் சுற்றி நின்று பார்க்கட்டும். இருபது பிள்ளைகளை இருளில் நகருக்கு அனுப்புவதினும் ஓர் ஆசானைப் பகலிற் கிராமத்துக்கு அழைப்பது செலவும் குறைவு, அச்சமும் குறைவு. நேரிற் பொருதிக் காட்டாத எவருக்கும் பட்டையோ சான்றிதழோ வழங்குதல் கூடாது என்பதைப் பயிற்சிச் சங்கங்கள் விதியாக்கட்டும்.

ஆசிரிய அன்பர்கள் ஒன்றைச் செய்யலாம். தம் பாடசாலையில் திரையைப் பார்த்துத் தனியே கம்பு சுழற்றும் மாணவன் இருப்பானாயின், அவனைக் கேலி செய்யாதிருக்கட்டும். போதும் என்று பாராட்டி விட்டுவிடாமலும் இருக்கட்டும். அவனுக்கு இப்போது வேண்டியது எதிரில் நிற்க இன்னொரு மாணவன்; இருவரையும் பார்த்து நிற்க ஓர் ஆசான். உன்னிச்சை நீரை நகருக்குக் கொண்டுசெல்லக் குழாய் அமைத்த நாட்டுக்கு, நகரத்து ஆசானை உன்னிச்சைக்குக் கொண்டுவரப் பேருந்துச் செலவு கொடுத்தல் இயலாததன்று.